மகஜர்: சொல்லும் பொருளும்

மட்டக்களப்புக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால் நடக்கும் கவனயீர்ப்புப் போராட்டம் பெரும்பாலும் மகஜர் கையளிப்போடுதான் முடியும். பலர் ஒப்பமிட்டு அதிகாரியிடம் கொடுக்கும் கோரிக்கைக் கடிதமே நம்மிடம் மகஜர்.

மூலம் அரபுச் சொல்லான 'மஹ்ளர்'. இங்குள்ள முஸ்லிம் ஊர்களில் கேட்கும் 'ஹாளிர்' என்பதற்கும் அதே வேர்தான்: முன்னிலையில் இருத்தல். அதிலிருந்து, முன்னிலையில் இருந்தவர்கள் ஒப்பமிட்ட பத்திரம் என்ற பொருள் ஏறியது. 1579இல் அக்பருக்காக உலமாக்கள் ஒப்பமிட்ட ஆவணமும் மஹ்ளர்தான். தமிழ்நாட்டிலோ, பொலிஸார் பொருளைக் கைப்பற்றும்போது சாட்சிகளிடம் ஒப்பம் வாங்கும் பத்திரம் மகஜர். அதில் கோரிக்கை எதுவும் இல்லை. தமிழ்நாட்டுச் செய்திகளைப் படிக்கும்போது இந்த வேறுபாடு நினைவில் இருக்கட்டும்.

கண்ணால் காணாத தூரத்து மக்களுக்காக ஊர்மக்கள் திரண்டு ஒப்பமிடும் வழக்கம் பேரியக்கமாக வளர்ந்தது பிரிட்டனில், அடிமை வியாபாரத்துக்கு எதிராக. 1783இல் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் பாராளுமன்றத்துக்கு முறையிட்டார்கள். 1788இல் மன்செஸ்டரிலிருந்து மட்டும் 10,000க்கு மேற்பட்ட ஒப்பங்கள் போயின. 1792இல் 519 மகஜர்கள், ஏறத்தாழ 390,000 ஒப்பங்கள். வாக்குரிமை மிகச் சிலருக்கே இருந்த காலம் அது. வாக்கில்லாதவருக்குப் பாராளுமன்றத்தை எட்ட இருந்த வழி இந்தத் தாள்தான். பெண்களை அப்போது பெரும்பாலும் ஒப்பமிட விடவில்லை. அவர்கள் அடிமைகளின் உழைப்பில் விளைந்த மேற்கிந்தியச் சீனியை வீட்டில் நிறுத்தினார்கள். 1833இல் 187,000க்கு மேற்பட்ட பெண்கள் ஒரே மகஜரில் ஒப்பமிட்டார்கள். வியாபாரத்தைத் தடுக்கும் சட்டம் 1807இல் வந்தது, அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல். நாம் அறியவேண்டிய ஒன்று: அந்த 1833ஆம் ஆண்டுச் சட்டத்தில் இலங்கை விலக்கப்பட்டிருந்தது. இங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்தான்.

இன்று கல்முனையிலோ காத்தான்குடியிலோ பலஸ்தீன மக்களுக்காக மகஜர் எழுதினால் முதலில் பிழையாவது முகவரி. வெளிநாட்டு விடயத்தில் மாவட்டச் செயலாளர் முடிவெடுக்க முடியாது. மேலே அனுப்பத்தான் முடியும். ஆகவே பெறுநராக வெளிநாட்டலுவல்கள் அமைச்சரைப் போட்டு, 'மாவட்டச் செயலாளர் ஊடாக' என்று எழுதவேண்டும். அடுத்தது ஒப்பத் தாள். கோரிக்கையை முதல் பக்கத்தில் மட்டும் எழுதி, வெறுந்தாள்களில் ஒப்பம் வாங்கினால், அவை எதற்கு வாங்கப்பட்டவை என்று பிறகு நிறுவ வழியில்லை. ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் கோரிக்கைச் சுருக்கம், திகதி, பக்க எண் மூன்றும் வேண்டும். ஒருவரே பத்துப் பேருக்கு ஒப்பமிட்டால், அந்தப் பத்தோடு உண்மையான ஒப்பங்களும் சந்தேகத்துக்குள்ளாகும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் திகதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முத்திரையில்லாமல் கொடுத்த மகஜர் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுவது மிக எளிது.

தமிழில் என்ன சொல்வது? 'விண்ணப்பம்' இங்கே வேலைக்கும் அனுமதிக்கும் நிரப்பும் படிவமாகிவிட்டது. வடமொழி வழிச் சொல்லும்கூட. 'மனு' என்றால் நீதிமன்றம் நினைவுக்கு வரும். முறை என்றால் நீதி. நீதி கேட்டு அதிகாரமுள்ளவரிடம் சொல்வது முறையீடு. ஆனால் முறையீட்டை ஒருவர் தனியாகவும் செய்யலாம். பலர் ஒப்பமிட்டது என்பதும் தெரியவேண்டுமானால் 'கூட்டு முறையீடு' என்பதே சரி. செய்தியில் மகஜர் என்றே இருக்கட்டும், எல்லாருக்கும் விளங்கும். கடிதத்தின் தலைப்பில் 'பலஸ்தீன மக்கள் சார்பான கூட்டு முறையீடு' என்று எழுதலாம்.