பிரஷர் சரியாக இருக்கும்போதே ரத்தம் கசியலாம்

காரைக்குடிப் பக்கம் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் பங்காளி, தாயபிள்ளை எல்லாரும் வார்டு வாசலில் நிற்பார்கள். நர்ஸ் வெளியே வந்ததும் முதல் கேள்வி, "ஆச்சிக்கு பிரஷர் எப்படி இருக்கு?" 120/80 என்று பதில் வந்துவிட்டால் பாதிப் பேர் நிம்மதியாக பஸ் ஏறிவிடுவார்கள். அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

பெரியவர் உடம்பில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் முக்கால் லிட்டர் போனாலும் பிரஷர் பெரும்பாலும் இறங்காது. ஒன்றேகால் லிட்டர் போன பிறகும் மேல் எண் அப்படியே நிற்கலாம். இதயம் வேகமாகத் துடித்து, தோலுக்கும் குடலுக்கும் போகும் குழாய்களைச் சுருக்கி, மூளைக்குப் போகும் ரத்தத்தை உடம்பு காப்பாற்றுகிறது. அதனால் முதலில் மாறுவது நாடி, 100ஐத் தாண்டும். கை சில்லிட்டு வேர்க்கும், சிறுநீர் குறையும், ஆள் நிலைகொள்ளாமல் புரளுவார். இதயத் துடிப்பைக் குறைக்கும் அட்டினலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாடிகூட ஏறாமல் ஏமாற்றும். ஹீமோகுளோபினும் உடனே குறையாது.

அறுவை சிகிச்சைத் தேர்வுக்குப் படிக்கிற மாணவர்கள் ரத்தக்கசிவை மூன்றாகப் பிரித்துப் படிப்பார்கள். ஆபரேஷன் நடக்கும்போதே வருவது முதல் வகை. அதை சர்ஜன் அங்கேயே நிறுத்திவிடுவார்.

இரண்டாவது, 24 மணி நேரத்துக்குள் வருவது. மயக்கத்தில் பிரஷர் தாழ்ந்து, சிறு குழாய்கள் சுருங்கிக் கிடக்கும். கண்விழித்து இருமும்போதும் வாந்தி எடுக்கும்போதும் பிரஷர் ஏறும். வற்றிய கண்மாயில் அடைத்த உடைப்பு, தண்ணீர் ஏறினதும் பிய்த்துக்கொள்வதுபோல, உறைந்த ரத்தக்கட்டி விலகிக்கொள்ளும். தைராய்டு ஆபரேஷனில் இது ரொம்ப ஆபத்து. கழுத்துக்குள் இடம் குறைவு. தேங்கும் ரத்தம் சிரைகளை நெருக்க, குரல்வளை வீங்கி மூச்சு அடைபடும். கழுத்து இறுக்குகிறது, குரல் மாறுகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை என்று ஆச்சி சொன்னால் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிட வேண்டும். தேவைப்பட்டால் படுக்கையிலேயே தையலைப் பிரித்துவிடுவார்கள். தேங்கும் ரத்தத்தை வெளியே எடுக்க வைத்த டிரெய்ன் குழாயில் ரத்தம் வரவில்லையே என்று காத்திருக்கக் கூடாது, குழாயே அடைத்திருக்கலாம்.

மூன்றாவது வகை பெரும்பாலும் 7 முதல் 14 நாளில் வரும். காயத்தில் கிருமி தொற்றி ரத்தக்குழாயின் சுவரை அரித்துவிடும். அதற்குள் நோயாளி வீட்டுக்கு வந்திருப்பார். டான்சில் எடுத்த பிள்ளைகளுக்கு, மேலே படிந்த பக்கு உதிரும் 5 முதல் 10 நாளுக்குள் கவனம் வேண்டும். வாய்வழியே ரத்தம் வந்தால்தான் கசிவு என்றில்லை, பிள்ளை தூக்கத்தில் விழுங்கிவிடும். இரவில் அடிக்கடி தொண்டை ஏறி இறங்கினாலோ, காப்பித்தூள் நிறத்தில் வாந்தி எடுத்தாலோ விடியட்டும் என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.