சைக்கடெலிக்: மயக்கமா, துலக்கமா?

கிம் ஜங்-மி என்ற கொரியப் பாடகியின் ‘நௌ’ இசைத்தொகுப்பு 1973-இல் வந்தது. எனக்கு அது தற்செயலாகத்தான் கிடைத்தது. முதல் பாட்டில் மெதுவாக ஒரு கிதார், அதன்மேல் அவசரமே இல்லாத ஒரு குரல், போகப்போகச் சுற்றிலும் விரியும் தந்திக் கருவிகள். கொரிய மொழியில் எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. பாட்டு முடியும்வரை அது ஒரு குறையாகவும் தோன்றவில்லை. முதல் மூன்று பாடல்களின் தலைப்புகள் ஞாயிறு, காற்று, வசந்தம் என்று அப்புறம்தான் அறிந்தேன்.

இவ்வகை இசையை ‘சைக்கடெலிக் ஃபோக்’ என்கிறார்கள். தமிழில் எழுதும்போது சிலர் சைக்கடெலிக்கை ‘மனமயக்கும்’ என்று பெயர்க்கிறார்கள். அங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை.

இச்சொல்லை உருவாக்கியவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட். கனடாவில் எல்.எஸ்.டி., மெஸ்கலின் போன்ற, புலனுணர்வையும் மனநிலையையும் மாற்றும் பொருள்களை ஆராய்ந்த ஆங்கிலேய மனநல மருத்துவர். 1956-இல் எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லியும் அவரும் இவற்றுக்குப் பெயர் தேடிக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஹக்ஸ்லி சொன்னது ‘ஃபனரோதைம்’. ஆஸ்மண்ட் சொன்ன ‘சைக்கடெலிக்’ நிலைத்துவிட்டது. கிரேக்கத்தில் ‘ப்சுகே’ என்றால் உயிர், உள்ளம். ‘தேலோஸ்’ என்றால் தெளிவாகத் தெரிவது. ஆக, உள்ளத்தைத் தெரியவைப்பது என்பதே பொருள். அதுவரை வழங்கிய பெயர்கள் பித்துநிலையையும் பிரமையையும் மட்டுமே சுட்டியதால்தான் ஆஸ்மண்ட் வேறு சொல் தேடினார். நாம் ‘மயக்கம்’ என்று எழுதினால் அவர் விலக்கிய பொருளையே திரும்பக் கொண்டுவருகிறோம்.

மருந்துக்கு வைத்த பெயர் இசைக்கு வர அதிக காலம் ஆகவில்லை. 1964-இல் ஹோலி மோடல் ரவுண்டர்ஸ் என்ற அமெரிக்க இணை, கறுப்பின அமெரிக்கர்களின் ப்ளூஸ் இசைவகையைச் சேர்ந்த ஒரு பழைய பாட்டுக்குள் இச்சொல்லை வைத்துப் பாடியது. இசைத்தட்டில் இது ஒலித்தது அதுவே முதல்முறை என்பார்கள். அவர்கள் ராக் குழு அல்ல, ஃபோக் பாடகர்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

‘தேலோஸ்’ என்பதற்குத் தமிழில் ‘துலங்கு’ அழகாகப் பொருந்துகிறது. விளக்கைத் துலக்குகிறோம், உண்மை துலங்குகிறது என்கிறோம். புதிதாக ஒன்றும் சேர்வதில்லை, உள்ளே இருந்தது தெரிகிறது. எனவே ‘உளத்துலக்க இசை’ என்பது என் பரிந்துரை. ‘நௌ’வைக் கேட்கும்போது எனக்கு நேர்ந்ததும் இதுவே. சொற்கள் புரியாததால் குரலின் நடுக்கமும் இழுப்பும் கூடுதலாகவே காதில் விழுந்தன.

அடுத்து ‘ஃபோக்’. பழைய ஆங்கிலத்தில் ‘ஃபோல்க்’ என்றால் மக்கள். ‘நாட்டுப்புறம்’ என்றால் கிராமம் மட்டும் என்றாகிவிடும். ‘நாட்டார்’ மக்களையே சுட்டுகிறது. ஆனால் நாட்டார் பாடல் வாய்மொழியாக வருவது, பெரும்பாலும் ஆக்கியவர் பெயர் தெரியாதது. ‘நௌ’வின் பாடல்களை ஆக்கியவரோ நன்கு அறியப்பட்ட கிதார் கலைஞர் ஷின் ஜுங்-ஹியான். 1975-இல் தென்கொரிய அதிபர் பார்க் சுங்-ஹீயின் ஆட்சியில் அவர் கஞ்சா வழக்கில் கைதாக, அவருடைய பாடல்களுக்கும் தடை விழுந்தது. இப்படித் தனி ஒருவர் எழுதி, நாட்டார் பாட்டின் எளிமையை மட்டும் எடுத்துக்கொள்ளும் இசையை ‘நாட்டார்சாயல்’ என்பது சரி. முழுப்பெயர் ‘உளத்துலக்க நாட்டார்சாயல் இசை’. கொஞ்சம் நீளம்தான், ஆனால் ‘மயக்கம்’ இல்லை.