மந்தையும் வேண்டாம், சக்தியும் வேண்டாம்: ‘ஊர்க்காப்பு’ என்போம்

போன வாரம் ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் மறுபடியும் காதில் விழுந்தது: “தட்டம்மைக்கு எதிரான மந்தை எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது.” 2020-ல் கொரோனாவோடு எங்கும் பரவிய சொல் இது. ஊரில் பெரும்பாலோருக்குப் பாதுகாப்பு இருந்தால், அது இல்லாதவரையும் நோய் எளிதில் எட்டாது என்பதுதான் விஷயம். ஆங்கிலத்தின் ‘ஹெர்ட் இம்யூனிட்டி’யைப் பிரித்துப் போட்டு, துண்டுக்குத் துண்டு தமிழ் ஒட்டியிருக்கிறார்கள். இதில் மந்தை கொஞ்சம் தப்பு; எதிர்ப்பு சக்தி ரொம்பவே தப்பு.

முதலில் சொல் வந்த வழி. லத்தீனில் ‘இம்யூனிஸ்’ என்றால் வரியிலிருந்தும் பொதுக் கடமையிலிருந்தும் விலக்குப் பெற்றவன். நம் கோயில் கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலத்தை ‘இறையிலி’ என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். நோய்க்கு அந்தச் சொல் பிற்பாடு வந்தது. ‘ஹெர்ட்’ ஒட்டிக்கொண்டது 1910-களின் பிற்பகுதியில், அமெரிக்க மாட்டுத் தொழுவங்களில். பசுக்களுக்குத் தொற்றுக் கருச்சிதைவு பரவிய காலம் அது. நோய் வந்து தேறிய பசுக்களை விற்காமல் வைத்துக்கொண்டு, கன்றுகளை அங்கேயே வளர்த்து, வெளிமாட்டை உள்ளே விடாமல் இருந்தால் மந்தையே தேறிவிடும் என்றார்கள் கால்நடை மருத்துவர்கள். 1923-ல் டாப்லி, வில்சன் என்ற இருவர் சுண்டெலிகளை வைத்து ஆராய்ந்து எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது. மனிதனுக்கு அப்புறம்தான் வந்தது.

மாட்டுக்குப் பிறந்த சொல் என்பதால் நாமும் மந்தை என்றே சொல்ல வேண்டுமா? மதுரைப் பக்கம் ஊர்ப் பொதுவிடத்தை மந்தை என்பார்கள், மந்தையம்மன் கோயிலும் உண்டு, ஆகவே அது இழிசொல் இல்லை என்று ஒரு நண்பர் வாதாடினார். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செய்தியில் “மக்கள்” என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மந்தை வந்தால் படிப்பவர் மனசில் நிற்பது ஆட்டுமந்தைதான்.

பெரிய வழக்கு ‘எதிர்ப்பு சக்தி’யோடு. சக்தி என்றால் ஒருவர் உடம்புக்குள் இருப்பது, கூட்டலாம், குறைக்கலாம். சத்துமாவு விளம்பரம் முதல் கஷாயப் பொட்டலம் வரை அதைத்தான் விற்கிறார்கள். “என் பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தி நல்லாவே இருக்கு, ஊசி எதுக்கு?” என்று ஒரு தாய் கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். அவர்மேல் குற்றமில்லை. அந்தச் சொல் அவருக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான்.

ஆனால் ‘ஹெர்ட் இம்யூனிட்டி’ குறிப்பது இதற்கு நேர்மாறான ஒன்றை: எதிர்ப்பே இல்லாதவர், சுற்றியிருப்பவர்களால் தப்பிப்பதை. நம் நாட்டில் தட்டம்மைக்கு முதல் ஊசி ஒன்பது மாதம் முடிந்துதான் போடுகிறார்கள். தாயிடமிருந்து வந்த பாதுகாப்பு அதற்கு முன்பே தேயத் தொடங்கிவிடும். நடுவில் அந்தக் குழந்தையைக் காப்பது அதன் சக்தியா? இல்லை. வீட்டிலும் தெருவிலும் ஊசி போட்டுக்கொண்டவர்கள் இருப்பதால் கிருமி அதன் தொட்டில்வரை வந்து சேர வழியில்லாமல் போகிறது. தட்டம்மைக் கிருமி காற்றில் இரண்டு மணி நேரம்வரை நிற்கும். பாதுகாப்பில்லாத ஊரில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றும் என்பது வழக்கமான கணக்கு. அதனால்தான் நூற்றுக்கு 95 பேராவது ஊசி போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள்.

ஜப்பானில் 1962-லிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்ஃப்ளூயன்சா ஊசி போட்டார்கள். 1987-ல் கட்டாயம் தளர்ந்தது, 1994-ல் சட்டமே போனது. ஊசி குறையக் குறைய, குளிர்காலத்தில் முதியவர்களின் சாவு கூடியது. 2001-ல் வந்த ஆய்வு ஒன்று, அந்தத் திட்டம் ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 உயிர்களைக் காத்திருக்கலாம் என்று கணக்கிட்டது. ஊசி போட்டது பேரனுக்கு, பிழைத்தது தாத்தா. தாத்தாவுக்கு ‘எதிர்ப்பு சக்தி’ வந்தது என்று இதைச் சொல்ல முடியுமா?

இதற்கு மாறாக, ரணஜன்னியை (டெட்டனஸ்) எடுத்துக்கொள்ளுங்கள். கிருமி மண்ணில் இருக்கிறது. ஊரே ஊசி போட்டிருந்தாலும், போடாதவன் காலில் ஆணி குத்தினால் அவனுக்கு வரலாம். அங்கே தனக்குத் தானேதான் காப்பு, ஊர் காக்காது. இந்த வேறுபாட்டைக் காட்டாத மொழிபெயர்ப்பால் என்ன பயன்?

‘சமூக எதிர்ப்பு சக்தி’ மந்தையைவிடத் தேவலை, ஆனால் சக்தி ஒட்டிக்கொண்டே வருகிறது. ‘கூட்டு நோயெதிர்ப்பாற்றல்’ என்றால் எல்லோருக்கும் ஆற்றல் இருப்பதுபோல் ஒலிக்கிறது. ‘குழும எதிர்ப்பு’ என்றால் ஏதோ கம்பெனி விவகாரம். இலங்கையில் இம்யூனிட்டியை ‘நிர்ப்பீடனம்’ என்பார்கள். துல்லியம்தான், ஆனால் தடுப்பூசி முகாமில் நிற்கும் பாட்டிக்கு அது எட்டாது.

நம் பாடநூல்களில் இம்யூனிட்டிக்கு ‘நோய்த்தடைக்காப்பு’ என்று ஏற்கெனவே இருக்கிறது. அதில் உயிருள்ள பகுதி ‘காப்பு’. பிறந்த பிள்ளைக்குக் காப்பு போடுகிறோம். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால், பல ஊர்களில் விழா முடியும்வரை வெளியூரில் தங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கிறது. அம்மைக்கு அஞ்சிய ஊர்கள் ஒன்றாகக் கட்டிக்கொண்ட சொல் அது. தனியாளுக்கு நோய்க்காப்பு, எல்லோரும் சேர்ந்து தருவது ஊர்க்காப்பு. ஊர்க்காவல் படையோடு குழம்பும் என்று சிலர் தயங்குகிறார்கள். காவல் வேறு, காப்பு வேறு என்பது தமிழருக்குத் தெரியும். ஊர் என்றால் கிராமம்தானே என்றும் கேட்கலாம். சென்னைக்காரரிடமும் “எந்த ஊர்?” என்றுதானே கேட்கிறோம்.

வினைச்சொல்லைச் சேர்த்துப் பாருங்கள், பொருத்தம் தெரியும். சக்தி கூடும், குறையும், அவ்வளவுதான். காப்பைக் கட்டலாம், அவிழ்க்கலாம், அது தளரும். அந்தத் தொலைக்காட்சி வாக்கியத்தை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: “தட்டம்மைக்கு எதிராக நாம் கட்டிய ஊர்க்காப்பு தளர்ந்துவிட்டது, ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தைகள் வெளியே நிற்கிறார்கள்.”