பழைய தண்டனையும் புதிய வேலையும்: படிவத்தில் என்ன எழுதுவது?

பாரிமுனையில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள ஒரு ஜெராக்ஸ் கடையில் ஓர் இளைஞரைப் பார்த்தேன். கையில் வேலைக்கான படிவம். எல்லாக் கட்டங்களையும் நிரப்பியிருந்தார். 'எப்போதாவது குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா?' என்ற கட்டம் மட்டும் காலி. கல்லூரி நாளில் பஸ் நிறுத்தத்தில் நடந்த கைகலப்பு; சைதாப்பேட்டை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருக்கிறார். "அன்றைக்கே முடிந்துபோன வழக்குதானே சார், 'இல்லை' என்று எழுதிவிடட்டுமா?" என்றார்.

எழுதக் கூடாது. அபராதம் மட்டும் கட்டினாலும் அது தண்டனைதான். வாய்தாவுக்கு அலைய முடியாமல் ஒப்புக்கொள்ளும் எத்தனையோ பேருக்கு இதை அந்த நேரத்தில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. எனக்கு ஆறாத வருத்தம் இது.

ஆனால், தண்டனை என்ற ஒன்றாலேயே எல்லாத் தொழிலும் அடைபட்டுவிடாது. பெரும்பாலான சட்டங்கள் கேட்பது, அது 'ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றமா' என்பதைத்தான். இதற்குச் சட்டத்தில் பட்டியல் கிடையாது. வழக்கின் தன்மையைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். மோசடி, லஞ்சம், போலி ஆவணம் போன்றவை பொதுவாக இதில் அடங்கும்.

வழக்கறிஞராகப் பதிவு செய்ய, 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஏ பிரிவு இத்தகைய தண்டனை பெற்றவரைத் தடுக்கிறது. ஆனால், விடுதலையாகி 2 ஆண்டுகள் கழிந்தால் அந்தத் தடை நீங்கிவிடும். பலருக்கு இது தெரியாமலே சட்டப் படிப்பைக் கைவிடுகிறார்கள். ஆடிட்டர்களுக்கு 1949ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை உண்டு. மத்திய அரசிடம் விண்ணப்பித்து அதை நீக்கிக்கொள்ளவும் வழி உண்டு. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளோ இத்தகைய தண்டனையைத் தொழில்முறைத் தவறாகவே வைத்திருக்கின்றன. அரசு ஊழியர் தண்டனை பெற்றால், அதற்குக் காரணமான நடத்தைக்காகத் தனி விசாரணை இல்லாமலே பணிநீக்கம் செய்ய அரசியலமைப்பின் 311ஆவது பிரிவு இடம் தருகிறது. தமிழகக் காவல் துறைத் தேர்வு இன்னும் கடுமையானது: 'சந்தேகத்தின் பலனை அளித்து' விடுவிக்கப்பட்டவரையும் வழக்கில் தொடர்புடையவராகவே அதன் விதி கருதுகிறது. ஆகவே விடுதலைத் தீர்ப்பானாலும் அதன் கடைசிப் பத்தியைப் படித்துப் பாருங்கள்.

குற்றவாளி என்று முடிவு செய்த தீர்ப்பானால், அதன் கடைசிப் பத்தியில் '1958ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், பிரிவு 3' அல்லது '4' என்று இருந்தால் அது பெரிய ஆறுதல். எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடப்பட்டவருக்கு, தண்டனையோடு சட்டப்படி ஒட்டிக்கொண்டு வரும் தகுதியிழப்பு கிடையாது என்று அதே சட்டத்தின் 12ஆவது பிரிவு சொல்கிறது. எனினும், அவர் குற்றவாளி என்ற முடிவு அழிந்துவிடுவதில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும்.

பதினெட்டு வயதுக்குள் நடந்து, இளைஞர் நீதிச் சட்டப்படி முடிந்த வழக்கு என்றால் நிலைமை வேறு. 2015ஆம் ஆண்டுச் சட்டம் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்கிறது. முடிந்துபோன அந்த வழக்கின் பதிவை நன்னடத்தைச் சான்றுக்காகப் போலீஸ் வெளியிடவும் கூடாது. கொடுங்குற்றத்தில் 16 வயது நிறைந்து, குழந்தைகள் நீதிமன்றத்தில் பெரியவர் போல விசாரிக்கப்பட்டவருக்கு மட்டும் அந்தத் தகுதியிழப்புப் பாதுகாப்பு இல்லை. இத்தனை ஆண்டானால் பழைய தண்டனை மறைந்துவிடும் என்னும் சட்டம் வயது வந்தோருக்கு இந்தியாவில் இல்லை. இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இணையத்தில் கிடக்கும் தீர்ப்பு இன்னொரு தலைவலி. விடுதலையான ஒருவரின் பெயரை மறைக்கும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நிறுவனங்களில் மனிதவளப் பிரிவினர் பெயரைத் தேடிப் பார்ப்பது வழக்கமாகிவிட்ட காலத்தில், தீர்ப்பு கண்ணில் படும் என்று எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு.

என்ன எழுதுவது என்பதற்கு அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016இல் தந்த தீர்ப்பு வழிகாட்டுகிறது. படிவத்தின் கேள்வி தெளிவாக இருக்க வேண்டும். குறிப்பாகக் கேட்டதை மட்டும் சொன்னால் போதும். இளவயதில் செய்த சிறு தவறை மறைத்திருந்தால்கூட, வேலை தருபவர் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால், அது அவர் விருப்பம். மறைத்ததே வேலை போகக் காரணமாகலாம். 'தண்டிக்கப்பட்டீர்களா' என்ற கேள்வியும் 'வழக்கு நிலுவையில் உள்ளதா' என்ற கேள்வியும் ஒன்றல்ல. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய பதிலை மட்டும் எழுதுங்கள்.

அந்த இளைஞர் 'ஆம்' என்று எழுதி, பக்கத்தில் வழக்கு எண்ணும் ஆண்டும் அபராதம் கட்டிய விவரமும் சேர்த்தார். தீர்ப்பின் சான்றிட்ட நகல் அவரிடம் இல்லை. சைதாப்பேட்டையில் மனுப் போட்டு வாங்கச் சொன்னேன். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லை என்றார். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணைப் படிவத்தின் நகலிலேயே எழுதிக் கொடுத்தேன்.