டூரின் துணியிலிருந்து முகம் எழுவது எப்படி?

டூரின் துணியில் உள்ள உருவத்தை வைத்து இயேசுவின் முகத்தைக் கணினியில் வரைந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தை அனுப்பி, "இது எப்படிச் சாத்தியம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இத்தாலியின் டூரின் பேராலயத்தில் இருக்கும் அந்த லினன் துணி சுமார் 4.4 மீட்டர் நீளம். இறந்த இயேசுவின் உடலைச் சுற்றிய துணி என்பது பக்தர்களின் நம்பிக்கை. ஒரு மனிதரின் முன்பக்கமும் பின்பக்கமும் அதில் மங்கலாகத் தெரியும். 1898இல் செகொண்டோ பியா படமெடுத்தபோது, நெகட்டிவில் முகம் இன்னும் தெளிவாக வந்தது. 1988இல் மூன்று ஆய்வகங்கள் கார்பன் முறையில் காலம் கணித்து, துணி கி.பி. 1260–1390 காலத்தது என்றன. இதெல்லாம் பலருக்குத் தெரிந்த கதை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். சாதாரணப் போட்டோவில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறதோ அந்தக் கன்னம் பளிச்சென்றும் மறுகன்னம் இருட்டாகவும் இருக்கும். இந்தத் துணியில் அப்படி ஒரு திசையே இல்லை. மூக்கு, புருவம் போன்ற மேடான இடங்கள் அழுத்தமாகவும், உள்ளடங்கிய இடங்கள் வெளிறியும் இருக்கின்றன. அதாவது, நிறத்தின் அழுத்தத்தையே உயரமாகப் படிக்கலாம். 1976இல் அமெரிக்க இயற்பியலாளர் ஜான் ஜாக்சன் குழுவினர் நிறத்தின் அழுத்தத்தை உயரமாக மாற்றிக் காட்டும் விபி-8 என்ற கருவியில் துணியின் படத்தை வைத்துப் பார்த்தபோது, திரையில் முகம் மேடுபள்ளமாக எழுந்தது! 2010இல் ரே டௌனிங் என்ற கலைஞர் முப்பரிமாண முகத்தை உருவாக்கியதும் இந்த உயரக் கணக்கை வைத்துத்தான். கண்ணின் நிறம், தோலின் நிறம் எல்லாம் துணியில் கிடையாது. அவை வரைபவரின் ஊகம்.

சரி, ஆனால் ஒரு சிக்கல். முகத்தில் மஞ்சள் பூசி, துணியைக் காதுவரை ஒட்டச் சுற்றி எடுத்து, மேசையில் விரித்துப் பாருங்கள். வளைவாக இருந்த கன்னம் தட்டையாகிப் பக்கவாட்டில் நீளும், முகம் அகன்றுபோகும். டூரின் முகமோ ஒடுக்கமாக இருக்கிறது. பிரேசிலின் முப்பரிமாணக் கலைஞர் சிசேரோ மொராயஸ் இதையே கணினியில் செய்து பார்த்தார். ஒரு முழு மனித உடல், ஆழம் குறைந்த ஒரு புடைப்புச் சிற்பம், இரண்டின் மேலும் மெய்நிகர் துணியைப் போர்த்தி, தொட்ட இடங்களைக் குறித்து, துணியை விரித்தார். உடலிலிருந்து வந்த உருவம் அகன்றது. சிற்பத்திலிருந்து வந்தது டூரின் உருவத்தோடு நன்றாகப் பொருந்தியது. அதாவது, துணியில் உள்ள உருவம் உடலிலிருந்து அல்ல, சிற்பத்திலிருந்து வந்திருக்கலாம் என்பது அவர் முடிவு. 2025இல் 'ஆர்க்கியோமெட்ரி' ஆய்விதழில் இது வெளியானது. மறுப்பவர்களும் உண்டு. ஆனால் அவர் பயன்படுத்தியது பிளெண்டர் போன்ற இலவச மென்பொருள்கள். சந்தேகம் இருப்பவர் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பெரிய நிதி இல்லாமலும் நல்ல கேள்வி கேட்க முடியும் என்பதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

துணி இப்போது போப்பாண்டவரின் உடைமை. 1988இல் மாதிரி எடுத்தது ஒரே ஒரு மூலையிலிருந்து என்பது இன்றும் சொல்லப்படும் ஆட்சேபம். காலம் கணிக்க இன்று சில மில்லிகிராம் நூலே போதும். வெவ்வேறு இடங்களிலிருந்து அதை எடுக்க வாடிகன் அனுமதிக்க வேண்டும் என்பது என் கருத்து.