டீக்காசு கொடுக்க மறுத்த 'மறைந்த' கலைஞர்

தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில், ஒரு டீக்கடையில் எனக்கு எதிரே பருப்புவடை தின்றுகொண்டிருந்தார் பொறாட்டு நாடகம் என்ற நாட்டுப்புறக் கூத்தின் கலைஞர் ஒருவர். என் கைபேசியில் விக்கிப்பீடியாவோ அவர் போன மாதமே இறந்துவிட்டதாகச் சொன்னது. காட்டினேன். "அப்படின்னா டீக்காசு நீயே குடுத்துரு கண்ணு" என்றார்.

வரியை எடுப்பது நிமிட வேலை. அங்கே ஒவ்வொரு சேமிப்பும் தனி நகல். 'வரலாறு' என்பதைத் தட்டினால் எந்தக் கணக்கு, எந்த நிமிடம், எந்தச் சொல்லைச் சேர்த்தது என்பது வரிசையாக வரும். மீளமைத்தால் முந்தைய நகல் மேலேறும். மற்ற கட்டுரைகளில் 'சான்று தேவை' என்று ஒட்டிவிட்டுக் காத்திருக்கலாம். உயிரோடு இருப்பவரைப் பற்றிய வில்லங்கமான வரிக்குச் சான்று இல்லையென்றால் அந்தத் தவணை கிடையாது, உடனே எடுத்துவிட வேண்டும்.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் ஒரு மனிதர் பட்ட பாடு இருக்கிறது. 2005 மே மாதம், அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலரைக் கென்னடி சகோதரர்கள் கொலையில் சந்தேகிக்கப்பட்டவர் என்று யாரோ விளையாட்டாக எழுதிவைத்தார்கள். ராபர்ட் கென்னடியின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருவர் அவர்! நான்கு மாதத்துக்கு மேல் அந்தப் பொய் அசையவில்லை. நீக்கிய பிறகும், நகலெடுத்து வைத்திருந்த வேறு தளங்களில் கிடந்தது. அந்த டிசம்பரிலேயே, கணக்கு இல்லாதவர்கள் புதுக் கட்டுரை தொடங்குவதை ஆங்கில விக்கிப்பீடியா நிறுத்தியது.

மீளமைத்தாலும் பொய் பழைய நகலில் இருக்கும். அவதூறு மோசமானது என்றால் நிர்வாகி அந்த நகலையே மறைத்துவிடுவார். இதைவிட எனக்குப் பயம் வேறொன்றில்: பத்திரிகை ஒன்று அந்த வரியைப் பார்த்து இரங்கல் செய்தி போட்டுவிட்டால், மறுநாள் அந்தச் செய்தியையே சான்றாகக் கொண்டுவந்து ஒட்டுவார்கள். பொய்க்குப் பொய் சாட்சி.

எல்லையில் இருக்கும் எங்களுக்குக் கூடுதல் தொல்லை. தமிழ் விக்கிப்பீடியா வேறு, மலையாளம் வேறு. இங்கே திருத்தினால் அங்கே திருந்தாது. கட்டுரையின் ஓரத்தில் பிறப்பு, இறப்பு போன்றவற்றைக் காட்டும் தகவல்பெட்டியின் கதை இன்னொன்று. எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான தரவுக் கிடங்கான விக்கித்தரவில் ஒரே இடத்தில் 'இறப்பு' தேதி ஏறினால், அங்கிருந்து எடுக்கும்படி அமைத்த பெட்டிகள் எல்லா மொழியிலும் அதையே காட்டும். கட்டுரையில் நான் வரியை எடுத்தும் பெட்டியில் அவர் இறந்தேதான் இருந்தார். தேதியை விக்கித்தரவில் அழித்த பிறகு இரண்டு பக்கப் பெட்டிகளும் சரியாயின.

மலையாளக் கட்டுரையின் வரி மட்டும் பாக்கி. எனக்கு அந்த மொழி வாசிக்க வரும், தட்டச்சு வராது. கைபேசியைக் கடைக்காரர் மகளிடம் நீட்டினேன்.