கோடை மலைக்கு ஒன்றரைக் கிலோ கதகதப்பு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டிசம்பர் என்றால் கோடை, வியர்வை. பகலில் 28 டிகிரி, இரவிலும் 20-க்குக் கீழே அதிகம் இறங்காது. அந்தப் புழுக்கத்தில் முதுகுப்பை கட்டும்போது கம்பளிச் சட்டையை எடுத்துவைக்க யாருக்கும் கை வராது. ஆனால் பள்ளி விடுமுறைக்கு டிராக்கென்ஸ்பர்க் மலையில் கூடாரம் போடப் போகிறவர்கள் சில மணி நேரப் பயணத்தில் வேறொரு பருவத்துக்குள் நுழைந்துவிடுகிறார்கள். உயரம் 1000 மீட்டர் கூடினால் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அந்த மலையின் சென்டினல் பாதையில் வண்டியை நிறுத்தும் இடமே சுமார் 2540 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து நடந்து, சங்கிலி ஏணிகளில் ஏறி, துகேலா அருவி விழத் தொடங்கும் மேட்டுநிலத்தை அடைந்தால் ஏறக்குறைய 3000 மீட்டர். கடற்கரையில் 28 என்றால் கணக்குப்படி இங்கே 8 அல்லது 9. வெயில் அடிக்கும்வரை இது உறைக்காது. பிற்பகல் இடிமழையில் நனைந்து, பொழுதும் சாய்ந்து, மேற்கிலிருந்து காற்றும் கிளம்பினால் உறைக்கும்.

எந்த உடையும் சூட்டை உண்டாக்குவதில்லை. உடம்புதான் அடுப்பு, உடை அந்தச் சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் ஏறக்குறைய 100 வாட் வெப்பம் தருகிறார், பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. அதே ஆள் பையைச் சுமந்து ஏற்றத்தில் நடந்தால் 400, 500 வாட். உடையின் காப்பை அளக்க 1941-இல் 'க்ளோ' என்ற அலகை வகுத்தார்கள்: 21 டிகிரி அறையில் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு இதமாக இருக்கும் உடையின் காப்பு 1 க்ளோ. இதை வைத்துக் கணக்கிட்டால், 15 டிகிரியில் மலையேறுகிறவருக்கு 1 க்ளோகூட வேண்டியதில்லை. 5 டிகிரியில் கூடார வாசலில் உட்கார்ந்து டீ கொதிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தோலை ஒட்டிய காற்றுப்படலத்தையும் சேர்த்து 4 க்ளோ அளவில் தேவை. ஏறி முடித்து உட்கார்ந்த அரை மணியில் தேவை நான்கைந்து மடங்காகிறது. தடித்த ஒரே ஜாக்கெட் மலைக்கு உதவாததற்கு இதுதான் காரணம். ஏறும்போது அதைப் போட்டிருந்தால் வியர்த்துக் கொட்டும். ஏறி முடித்தபின் அந்த வியர்வையே எதிரியாகிவிடும்.

கதகதப்பு தருவது துணியின் கனம் என்று நினைக்கிறோம். உண்மையில் இழைகளுக்கு நடுவே அகப்பட்டு அசையாமல் நிற்கும் காற்றுதான் காப்பு. அசையாத காற்றைவிடத் தண்ணீர் 24 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆக, இழைகளுக்கு நடுவில் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் காப்பு போயிற்று. போதாக்குறைக்கு அந்தத் தண்ணீர் ஆவியாகும்போதும் வெப்பத்தைப் பறிக்கும். நனைந்த பருத்தி பனியன் எளிதாக 200 கிராம் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அது முழுதும் உலர 480 கிலோஜூல் வேண்டும். அத்தனையையும் உடம்பே கொடுப்பதாக வைத்துக்கொண்டால், உட்கார்ந்திருப்பவரின் 80 நிமிட வெப்பம் துணி காய்வதற்கே செலவாகிறது. நம் ஊர்க் கடலோரத்துக்குப் பருத்தியை மிஞ்சிய துணி கிடையாது. அங்கே நமக்கு வேண்டியதே இந்தக் குளிர்ச்சிதான். அதே குணம் 3000 மீட்டரில் ஆளை நடுங்க வைக்கும். ஜீன்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டிலேயே இருக்கட்டும்.

தோலை ஒட்டிப் போட இரண்டே தேர்வு. பாலியெஸ்டர் தன் எடையில் அரை விழுக்காடு ஈரத்தைக்கூட இழைக்குள் இழுக்காது, சீக்கிரம் காயும். ஆனால் இரண்டாம் நாள் நாறும். மெரினோ கம்பளி தன் எடையில் 30 விழுக்காடுவரை நீராவியை இழைக்குள்ளேயே வாங்கிக்கொண்டும் தொடுவதற்கு ஈரமாகத் தெரியாது, வாடையும் குறைவு. இந்த நாட்டுக்கு 1789-இல் வந்த செம்மறி ஆடு அது. 17 முதல் 19 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுள்ள அதன் இழை குத்துவதில்லை. 30 மைக்ரானைத் தாண்டினால்தான் கம்பளி அரிக்கும். ஒரு சதுர மீட்டருக்கு 150 கிராம் எடையுள்ள மெரினோ துணியில் முழுக்கைச் சட்டை ஒன்று 200 கிராமுக்குள் வரும். ஒன்று நடக்க, ஒன்று தூங்க. தூங்கும் சட்டையைப் பகலில் தொடவே கூடாது.

அதன்மேல் மெல்லிய ஃபிளீஸ், அதாவது பாலியெஸ்டரில் செய்த பஞ்சுபோன்ற மேல்சட்டை, சுமார் 250 கிராம். அதற்குள் காற்று தாராளமாகப் புகுந்து போகும். ஏறும்போது அது வரம், வியர்வை தங்காது. மேட்டு விளிம்பில் நின்றால் அதே குணம் குறையாகிவிடும். 5 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் திறந்த தோலுக்கு மைனஸ் 1 போல இருக்கும். 100 கிராம்கூட இல்லாத மெல்லிய காற்றுத்தடுப்பு ஜாக்கெட்டை ஃபிளீஸின் மேல் போட்டதும் உள்ளே சிக்கிய காற்று அசையாமல் நிற்கிறது. சுமக்கும் ஒவ்வொரு கிராமுக்கும் இவ்வளவு பயன் தரும் வேறு உடை பையில் இல்லை. ஆனால் பலர் இதைத்தான் வாங்காமல் விடுகிறார்கள். பக்கத்து நாடான லெசோத்தோவின் எல்லையில் மாடு, ஆடு மேய்ப்பவர்கள் போர்த்தியிருக்கும் கனத்த கம்பளியைப் பார்த்து அதுபோல ஒன்று எடுத்துப் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நெருங்க நெய்த அருமையான போர்வைதான், காற்றும் லேசில் நுழையாது. ஆனால் அவர்கள் அதை நாள் முழுக்க உடம்பில் போட்டிருக்கிறார்கள், பையில் மடித்துச் சுமப்பதில்லை.

இனி, நின்றபின் போடும் ஜாக்கெட். வெயிலில் காயவைத்த இலவம்பஞ்சுத் தலையணை உப்பிவருவதைப் பார்த்திருப்பீர்கள். வாத்தின் நெஞ்சுத் தூவியும் அப்படித்தான் உப்பிக் காற்றைப் பிடிக்கிறது. 800 என்று தரம் குறித்த தூவியில் 28 கிராம், 13 லிட்டர் இடத்தை நிரப்பும். அதனால்தான் 300 கிராம் ஜாக்கெட் இரவைத் தாங்குகிறது. தூவி நனைந்தால் ஒட்டிக் கட்டியாகிவிடும், முகாமில் அதைக் காயவைக்க வழியில்லை. டிராக்கென்ஸ்பர்க்கில் கோடைதான் மழைக்காலம். பிற்பகல் மழை அநேகமாக அன்றாட வழக்கம். நீர் புகாத பைக்குள் அதைப் பத்திரமாக வைத்து, கூடாரம் நின்றபிறகே வெளியே எடுக்கும் ஒழுங்கு உள்ளவருக்குத் தூவி சரி. மழையிலும் போட நேரும் என்றாலும், பிள்ளைகளுக்கு என்றாலும் செயற்கைப் பஞ்சு வைத்ததே நல்லது. 50 முதல் 100 கிராம் கூடுதலாகும். நனைந்தாலும் ஓரளவு உப்பி நிற்கும், பிழிந்து போட்டுக்கொள்ளலாம்.

மழை ஜாக்கெட் 300 கிராம், நீள உள்காற்சட்டை 150, குல்லா, கையுறை, தூங்குவதற்கான காலுறை மூன்றும் சேர்ந்து 150. அங்கோரா ஆட்டின் மயிரான மொஹேரின் உலக உற்பத்தியில் பாதியளவு இந்த நாட்டிலிருந்தே போகிறது, அதில் நெய்த காலுறை இங்கே எளிதாகக் கிடைக்கும். நடக்கும் சட்டை உடம்பில் இருக்க, பையில் ஏறுவது ஒன்றரைக் கிலோவுக்குள். பருத்தி ஹூடியும் ஜீன்ஸும் மட்டுமே ஏறக்குறைய இதே எடை வரும். உடம்புச் சூட்டில் பாதி தலை வழியே போகிறது என்பது தவறு. உடற்பரப்பில் தலையின் பங்கு 10 விழுக்காட்டுக்குள்தான். ஆனால் கைகால்களில் குளிருக்கு இரத்தக்குழாய்கள் சுருங்குவதுபோல் தலையில் சுருங்குவதில்லை. மற்ற இடமெல்லாம் மூடி, தலையை மட்டும் விட்டால் இழப்பு தெரியும். 40 கிராம் குல்லாவுக்கு அந்த நியாயம் போதும்.

இவ்வளவும் இருந்தும் குளிர்ந்துபோகிறவர்கள், பெரும்பாலும் நேரத்தைத் தவறவிட்டவர்கள். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், பத்து நிமிட ஏற்றத்தில் சரியாகிவிடும். வியர்வை முத்துவிடும் முன்பே ஃபிளீஸைக் கழற்ற வேண்டும். முகாமை அடைந்ததும் கூடாரம், அடுப்பு எல்லாவற்றுக்கும் முன்னால் ஈரச் சட்டையை மாற்றி, உடம்பில் இன்னும் சூடு இருக்கும்போதே ஜாக்கெட்டைப் போட வேண்டும். நடுக்கம் வந்தபின் போட்டால் குளிர்ந்த உடம்பைச் சுற்றிக் காப்புக் கட்டியதாகும், மீள நேரம் பிடிக்கும். விரல் விறைத்தால் கையுறையோடு நிறுத்தாதீர்கள்: நடு உடம்பு குளிர்ந்ததால்தான் உடல் விரலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்திருக்கிறது. நடுக்கத்தோடு பேச்சும் குழறி, கால் தடுமாறினால் உடல் வெப்பம் அபாயமாக இறங்குகிறது என்று பொருள். அப்போது உலர்ந்த உடை, தூக்கப்பை, விழுங்க முடிந்தால் இனிப்பான சூட்டுப் பானம். அன்று மேற்கொண்டு நடை கிடையாது.

வாங்கும் முன் கடையில் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மழை ஜாக்கெட்டின் ஜிப்பையும் இழுத்து மூடி, கைகளைத் தலைக்குமேல் தூக்கிப் பாருங்கள். தோளிலோ முதுகிலோ இறுக்கினால் உள்ளே தூவி நசுங்குகிறது. மழை ஜாக்கெட்டில் ஓர் அளவு பெரியதைக் கேளுங்கள்.